மாணவர் எழுத்தில் முதல்மொழியும் இரண்டாம் மொழியும்: கள்ளக்குறிச்சி வட்டாரத்தை முன்வைத்து

திறவுச்சொற்கள்: இரட்டை வழக்கு, பிழையாய்வு, வினையெச்சத் தொடர், எழுத்துத் தமிழ், கல்வராயன்மலை

முன்னுரை

தமிழ்நாட்டுப் பள்ளிகளில் 1968 முதல் இருமொழிக் கொள்கை நடைமுறையில் உள்ளது. இதன்படி தமிழ் முதல்மொழியாகவும் ஆங்கிலம் இரண்டாம் மொழியாகவும் கருதப்படுகின்றன. கள்ளக்குறிச்சி நகரின் கருணாபுரத்தில் வளரும் குழந்தைக்கும், கல்வராயன்மலையில் வளரும் மலையாளிப் பழங்குடிக் குழந்தைக்கும் இப்பகுப்பு ஒன்றே. மலையாளி என்னும் பெயர் மலையில் வாழ்வோரைச் சுட்டுவது. கேரள மலையாளத்தைக் குறிப்பதன்று. இவர்களின் தாய்மொழி தமிழே. எனினும், வீட்டில் பேசும் தமிழும் விடைத்தாளில் எழுத வேண்டிய தமிழும் ஒன்றல்ல.

தமிழுக்குள் ஓர் இரண்டாம் மொழி

ஒரே மொழியின் இரு வடிவங்கள் தத்தமக்குரிய களங்களில் வழங்கும் நிலையை ஃபெர்குசன் 1959இல் இரட்டை வழக்கு என விளக்கினார். அவர் விரிவாக எடுத்துக்கொண்ட நான்கு மொழிகளுள் தமிழ் இல்லை. ஆயினும் அவ்விளக்கம் தமிழுக்கு நன்கு பொருந்துகின்றது. ‘மாடுகள் மேய்ந்தது’ என்னும் தொடரைக் கருதலாம். பேச்சுத் தமிழில் அஃறிணைப் பன்மைக்குத் தனி வினைமுற்று வழங்குவதில்லை. ‘மேய்ந்தன’ என்பதை மாணவர் பள்ளியில்தான் கற்கின்றனர், ஆங்கில வினைவடிவங்களைக் கற்பது போலவே. அதனை அறியாமை எனக் கொள்வதைவிட, பேச்சிலக்கணம் எழுத்தில் செயற்படுவதாகக் கொள்வதே பொருத்தம்.

எழுத்துப்பிழையும் இத்தகையதே. ழகரமும் ளகரமும் பலரது பேச்சில் ஒன்றாகிவிட்டன. ரகர றகரங்களின் நிலையும் அதுவே. எனவே ‘வாளைப்பளம்’ என்று எழுதும் மாணவர் தம் செவிக்கு உண்மையாகவே எழுதுகின்றார்.

ஆங்கில எழுத்தில் தமிழ்

ஆங்கிலத்தில் காரணம் தலைகீழாகின்றது. தமிழ்ச் சொற்களில் பகரம் ‘பகல்’ என மொழிமுதலில் ஒருவகையாகவும், ‘தம்பி’ என மெல்லினத்தை அடுத்து வேறுவகையாகவும் ஒலிக்கும். இடமே ஒலியைத் தீர்மானிப்பதால் இரு வரிவடிவங்கள் தேவைப்படவில்லை. ஆங்கிலத்தில் அவை இரு வேறு எழுத்துகள். (அவ்விரண்டின் பெயரையும் தமிழில் ‘பி’ என்றே எழுத நேர்வதை இங்கு நினைக்கலாம்.) இங்குப் பிழைக்குக் காரணமாவது வரிவடிவப் பழக்கம்.

இவற்றினும் நுட்பமானது காலப்பிழை. ‘சந்தைக்குப் போய், காய் வாங்கி, வீட்டுக்கு வந்தோம்’ என்னும் தொடரில் காலமும் இடமும் இறுதி வினைமுற்றில் மட்டுமே வெளிப்படுகின்றன. இவ்வமைப்போடு ஆங்கிலத்திற்குச் செல்பவர், ‘வீ கோ டு மார்க்கெட், பை வெஜிடபிள்ஸ் அண்ட் கேம் ஹோம்’ என எழுதக்கூடும். முதல் இரு வினைகளும் காலம் ஏற்காமல் நிற்க, இறுதி வினை மட்டும் இறந்தகாலம் ஏற்கின்றது. கவனக்குறைவு என அடிக்கோடிடப்படும் இத்தொடரில் ஒழுங்கான ஓர் இலக்கணம் உள்ளது. பிழைகள் கற்போரின் அகமொழி அமைப்பைக் காட்டுவன என்று கார்டர் 1967இல் முன்வைத்த கருத்திற்கு இதனினும் தெளிவான சான்று தேடுதல் அரிது.

மதிப்பீட்டுச் சிக்கல்

முதல்மொழியில் பெற்ற திறன் இரண்டாம் மொழிக்கும் துணையாகும் என்பது கம்மின்ஸின் 1979ஆம் ஆண்டுக் கருதுகோள். ஆனால் கடந்து செல்வதற்கு முதல்மொழியில் சொந்தமாக எழுதிய பழக்கம் இருத்தல் வேண்டும். உரைநூற் கட்டுரையை மனனம் செய்து எழுதுபவரின் தாளில் பிழை குறைவு. தாம் கண்டதைத் தம் சொல்லில் எழுதுபவரின் தாளில் ‘வந்துச்சு’, ‘மலைல’ போன்றவை இடம்பெறும். பிழைகளை எண்ணி மதிப்பெண் குறைக்கும் முறையில் பின்னவரே இழக்கின்றார். தேர்ச்சிக்கு 35 மதிப்பெண் தேவைப்படும் பத்தாம் வகுப்புத் தேர்வின் விளிம்பில் நிற்பவருக்கு இவ்விழப்பு சிறிதன்று. காலப்போக்கில் அவரும் மனனத்திற்கே திரும்புகின்றார்; அதன்பின் எம்மொழியிலும் அவரது எழுத்து எனச் சுட்டத்தக்கது குறைந்துவிடுகின்றது.

தொல்காப்பியப் பாயிரம் வழக்கு, செய்யுள் ஆகிய இரண்டையுமே இலக்கணத்தின் அடிப்படையாகக் கொள்கின்றது. வகுப்பறையிலும் முதல் வரைவைப் பேச்சுவழக்கில் எழுதச் செய்து, அதனையே எழுத்துவழக்கிற்கு மாற்றப் பயிற்றலாம். மாணவர் எழுதிய ‘மேய்ந்தது’ என்பதன் அருகிலேயே ‘மேய்ந்தன’ என்பதையும் எழுதி, இரண்டும் எங்கெங்கு வழங்கும் என்று காட்டுவதற்கு ஆசிரியருக்குச் சில நிமிடங்கள் போதும்.