உங்களுக்குத் தெரியுமா? ஆள் இருக்கு, மனசு இல்லை

* துணிக்கடை, நகைக்கடை ஊழியர்களுக்கு உட்கார இருக்கை தர வேண்டும் என்று தமிழ்நாட்டில் சட்டத் திருத்தம் வந்தது 2021-ல்தான். கேரளம் 2018-லேயே கொண்டுவந்துவிட்டது. கோழிக்கோடு மிட்டாய்த் தெரு விற்பனைப் பெண்களைத் திரட்டி விஜி என்ற தொழிற்சங்கப் பெண் நடத்திய போராட்டங்கள் அதற்குப் பின்னால் இருந்தன. சும்மா நிற்கும் நேரத்தில் உட்கார ஒரு முக்காலி. அதற்கும் சட்டமன்றம் கூட வேண்டியிருந்தது!

* சென்னை ரங்கநாதன் தெருக் கடைப் பையன்களின் கதையைச் சொன்ன 'அங்காடித் தெரு' (2010) படத்துக்கு வசனம் எழுதியவர் நம்ம குமரி மாவட்டத்துக்காரர் ஜெயமோகன்.

* குலசேகரம், கீரிப்பாறைப் பக்கம் ரப்பர் பால்வெட்டு விடியுமுன்னே தொடங்கிவிடும். வெயில் ஏற ஏறப் பால் ஓட்டம் குறையும். பட்டையைச் சீவும் கத்தி உள்ளிருக்கும் வளர்திசுவுக்கு ஏறக்குறைய ஒரு மில்லிமீட்டர் முன்னால் நின்றுவிட வேண்டும். தாண்டினால் மரத்தில் காயம். புதுப்பட்டை முண்டும் முடிச்சுமாக வளரும், பிறகு அந்த இடத்தில் ஒழுங்காக வெட்ட முடியாது. வெட்டுகிறவருக்கு மனசு விட்டுப்போனால் நட்டம் அன்றைக்குச் சிரட்டையில் தெரியாது. பல வருஷம் கழித்து மரத்தில் தெரியும். அந்த ஒரு மில்லிமீட்டரை வருகைப் பதிவேட்டைக் காட்டி வாங்க முடியுமா?

* 1984-ல் உருவான அரசு ரப்பர் கழகத் தோட்டங்களில் வேலைக்கு அமர்த்தப்பட்டவர்களில் பலர், 1964 சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தப்படி இலங்கையிலிருந்து வந்த குடும்பத்தினர். மறுவாழ்வு என்று சொல்லித்தான் அழைத்துவந்தார்கள். கூலி உயர்வுக்காக இந்தத் தோட்டங்களில் 2022-லும் வேலைநிறுத்தம் நடந்தது.

* முந்திரி ஆலைக்கு நம்மூரில் 'அண்டி ஆபீஸ்' என்று பெயர். கேரளத்தின் குறைந்தபட்சக் கூலியிலிருந்து தப்பிக்க, கொல்லம் முதலாளிகள் பலர் எல்லை தாண்டி இங்கே ஆலை போட்டார்கள். கொட்டை உடைக்கும்போது தெறிக்கும் தோட்டு எண்ணெய் கைத்தோலை அரித்துவிடும். கையுறை போட்டால் வேகம் குறையும், துண்டுக்கூலியும் குறையும். அதனால் சாம்பலைத் தடவிக்கொண்டு உடைக்கும் பெண்கள் உண்டு. "சொன்னாலும் கையுறை போட மாட்டேங்கிறாங்க" என்று சொல்கிறவர்கள் கூலிக் கணக்கை ஒரு தடவை பார்க்கலாம்.

* கேலப் நிறுவனத்தின் 2024-ஆம் ஆண்டு உலகக் கணக்கில், வேலையில் மனசு ஒட்டியிருப்பவர்கள் நூற்றுக்கு 21 பேர். முந்தைய ஆண்டு 23. மேலாளர்களிடம் சரிவு இன்னும் கூடுதல்: 30-லிருந்து 27. மேஸ்திரிக்கே அலுத்துப்போச்சு, பாவம்!