100 எம்பிபிஎஸ் பிளான் போட்டும் வாட்ஸ்அப் கால் விட்டு விட்டுக் கேட்பது ஏன்?

கரிக்கலாம்பாக்கம், பாகூர், வில்லியனூர் பக்கம் பிரான்சில் பிள்ளைகள் இருக்கும் வீடுகளில் போன் என்றால் இப்போது வாட்ஸ்அப் கால்தான். ஆனால் "ஹலோ... கேக்குதா? திரும்பச் சொல்லுப்பா" என்பதிலேயே பாதி நேரம் போய்விடுகிறது. நெட் ஸ்லோ என்று நினைத்து பெரிய பிளானுக்கு மாறுகிறார்கள். மாதாமாதம் பணம் கூடுதலாகப் போகிறது, குரல் மட்டும் அப்படியே உடைகிறது.

உண்மையில் குரலுக்கு அவ்வளவு ஸ்பீடு தேவையே இல்லை. பழைய லேண்ட்லைன் தரத்துக்கு விநாடிக்கு 64 கிலோபிட் போதும். அதை இன்டர்நெட்டில் அனுப்பும்போது முகவரி விவரங்களும் சேர்ந்து சுமார் 87 கிலோபிட் ஆகும். அதாவது 100 எம்பிபிஎஸ் லைனில் கணக்குப்படி ஆயிரம் கால் பேசலாம்!

அப்போ பிரச்னை எங்கே?

நம் பேச்சு பொதுவாக 20 மில்லி செகண்ட் துண்டுகளாக வெட்டப்பட்டு, விநாடிக்கு 50 பாக்கெட்டாகப் போகிறது. அவை சீரான இடைவெளியில் போய்ச் சேர வேண்டும். ஒன்று சீக்கிரம், ஒன்று தாமதம் என்று வந்தால் அதுதான் 'ஜிட்டர்'. சினிமா பார்க்கும்போது முன்கூட்டியே சேமித்துவைத்து ஓட்டிவிடலாம். பேச்சில் அது முடியாது, லேட்டாக வந்த பாக்கெட் குப்பைக்குத்தான். அப்போதுதான் பாதி வார்த்தை காணாமல் போகிறது.

ஒரு பக்கத் தாமதம் 150 மில்லி செகண்டுக்குள் இருந்தால் நல்லது என்கிறது சர்வதேச தொலைத்தொடர்பு ஒன்றியம். அதைத் தாண்டத் தாண்ட இருவரும் ஒரே நேரத்தில் பேசி முட்டிக்கொள்வார்கள்.

சில நேரம் தப்பு நம் ஊரிலேயே இருக்காது. 2025 செப்டம்பரில் செங்கடலில் ஜெட்டா அருகே கடலடி கேபிள்கள் அறுந்தபோது இந்தியாவிலும் இணைய வேகம் பாதிக்கப்பட்டது. டேட்டா சுற்றுப்பாதையில் போனால் தாமதம் கூடத்தான் செய்யும்.

ஆனால் பெரும்பாலும் சிக்கல் வீட்டுக்குள்ளேதான். நீங்கள் பேசுவது மறுமுனைக்குப் போவது அப்லோடில். அதே நேரத்தில் சிசிடிவி கேமராவோ, போனின் போட்டோ பேக்கப்போ அப்லோடை அடைத்துக்கொண்டால், குரல் பாக்கெட் ரவுட்டரில் வரிசையில் நிற்கும். விளம்பரத்தில் பெரிசாகப் போடுவது டவுன்லோடு ஸ்பீடு என்பதால் இது யார் கண்ணிலும் படுவதில்லை. ரவுட்டர் ஹாலில், பேசுபவர் பின்கட்டில் என்றால் சுவர் தாண்டும் வைஃபையிலும் பாக்கெட் தொலையும்.

பிளானை மாற்றும் முன்...

ஸ்பீடு டெஸ்ட் ஆப்பில் 'பிங்', 'ஜிட்டர்' எண்களைப் பாருங்கள். வீட்டில் யாரும் நெட் பயன்படுத்தாதபோது ஒரு முறை, பேக்கப் ஓடும்போது ஒரு முறை. இரண்டாவதில் மட்டும் எண் எகிறினால் பேக்கப்பை இரவுக்கு மாற்றினாலே போதும். ரவுட்டர் பக்கத்தில் உட்கார்ந்து, யாரும் பயன்படுத்தாத நேரத்திலும் எகிறினால், அந்த ஸ்கிரீன்ஷாட்டோடு நெட் கம்பெனியில் புகார் கொடுங்கள். வெறுமனே "நெட் ஸ்லோ" என்று சொன்னால் பெரிய பிளானைத்தான் காட்டுவார்கள்.