விசில் அடைத்துக்கொண்டால்?

குக்கர் விசிலில் பருக்கை அடைத்துக்கொண்டால் மூடியிலுள்ள சேஃப்டி வால்வு உருகி ஆவிக்கு வழிவிடும். ஒரு காவல் தவறினால் இன்னொன்று!

ராணிப்பேட்டையில் அந்த இன்னொன்று இல்லை. 2015 ஜனவரி 31 அதிகாலை, தோல் கழிவுநீரைச் சுத்திகரிக்கும் நிலையத்தில் சகதித் தொட்டியின் சுவர் இடிந்தது. பக்கத்துத் தொழிற்சாலையில் உறங்கிய 10 பேர் மாண்டனர். ஒரே காவல், அந்தச் சுவர்!

காவல் இருந்தால் மட்டும் போதுமா? எத்தனைக்கு ஒரு தடவை அது காலை வாரலாம் என்றும் கணக்கிட வேண்டும். இதற்குச் சர்வதேச விதியில் 4 படிகள் உண்டு. முதற்படிக் காவல் 10 தடவைக்கு ஒன்றுக்குமேல் தவறலாகாது. அடுத்தடுத்த படிகளில் 100க்கு, 1000க்கு, 10,000க்கு ஒன்று. ஆபத்து பெரிதாகப் பெரிதாகப் படியும் உயரும்.

ஆம்பூர்ப் பக்கம் தோலின் ரோமம் நீக்க சோடியம் சல்பைடு சேர்ப்பார்கள். அந்தக் கழிவில் அமிலம் கலந்தால் ஹைட்ரஜன் சல்பைடு என்ற விஷவாயு கிளம்பும். முதலில் அழுகிய முட்டை நாற்றம். வாயு மிகுந்தாலோ மூக்கே மரத்துவிடும்! அதனால்தான் வாயுவை உணர்ந்து மணியடிக்கும் கருவி. அதையும் தவணை தவறாமல் சோதித்தால்தான் கணக்கு நிற்கும். இல்லாவிட்டால் அது சுவரில் தொங்கும் அலங்காரமே.

அது சரி, உங்கள் குக்கர் வால்வை மாற்றி எத்தனை வருஷமாயிற்று?