வீட்டு ஒலிப்பதிவிற் குறை காணல்: கிற்றார் நேர்ப்பதிவும் மீள்செலுத்துகையும்

பதிவுக்கூடம் நெடுங்காலம் ஒரு கூட்டுத் தொழிற்களமாகவே இருந்துவந்தது. கண்ணாடிச் சுவரின் ஒருபுறத்தே வாசிப்பவர். மறுபுறத்தே ஒலிப்பொறியியலாளர், அவருடைய உதவியாளர், கருவிகளைச் செப்பனிடும் தொழில்நுட்பவியலாளர். இசைத்தட்டில் நாம் கேட்கும் கிற்றார் ஒலி இவ்வனைவரது உழைப்பினதும் விளைபொருளாகும். இக்களம் வீட்டினுள் இடம்பெயர்ந்தமை ஒரே நாளில் நிகழ்ந்ததன்று. அமெரிக்கக் கிற்றார்க் கலைஞர் லெஸ் போல், மேரி போர்ட்டுடன் இணைந்து 1951இல் வெளியிட்ட 'ஹௌ ஹை த மூன்' என்னும் இசைத்தட்டு, ஒரு கருவியையும் ஒரு குரலையும் வீட்டிலேயே பல அடுக்குகளாகப் பதிந்து ஆக்கப்பட்டதாகும். 1979இல் ரீயக் நிறுவனம் போட்டாஸ்ரூடியோ என்னும் நான்கு தடக் கசற் பதிவுக்கருவியை வெளியிட்டது. புறூஸ் ஸ்பிறிங்ஸ்ரீன் 1982இல் வெளியிட்ட 'நெப்ராஸ்கா' அத்தகைய கருவியொன்றில் வீட்டிற் பதியப்பட்டதே. இன்று ஒரு கணினியும் ஓர் இடைமுகக் கருவியும் அப்பணிக்குப் போதுமானவையாகிவிட்டன.

ஆயின், கருவிகள் வீட்டுக்கு வந்தமையால் அவற்றை இயக்கிய அறிவும் உடன்வந்துவிட்டது எனக் கொள்ளுதல் பொருந்தாது. முன்னர் பலர் பகிர்ந்துகொண்ட கடமைகள் இன்று ஒருவர்மீதே சுமத்தப்பட்டுள்ளன. பதிவிலே இரைச்சலோ முறிவோ தோன்றும்பொழுது அவர் பெரும்பாலும் இரண்டிலொன்றைச் செய்கிறார்: தமது வாசிப்பின்மீது ஐயங்கொள்கிறார், அல்லது கடைக்குச் சென்று மற்றொரு கருவியை வாங்குகிறார். இரண்டுமே பல வேளைகளில் தேவையற்றவை. குறை என்பது தனியொரு பொருளினுள்ளே உறைவதிலும் பார்க்க, ஒரு பொருள் இன்னொன்றுடன் கொள்ளும் தொடர்பிலேயே பெரிதும் பிறக்கிறது. எனவே அத்தொடர்புகளை வரிசையாக நோக்குவதே முறையானதாகும்.

ஒலி செல்லும் வழி

கிற்றாரின் தந்தி அதிரும்பொழுது, பிக்கப் எனப்படும் காந்தச் சுருள் அவ்வதிர்வை மின்னலையாக மாற்றுகிறது. அவ்வலை கேபிள் வழியே இடைமுகக் கருவியை அடைந்து, அங்கு எண்களாக மாற்றப்பட்டுக் கணினியிற் சேமிக்கப்படுகிறது. அம்பிளிபயரின் சாயல் சிறிதும் கலவாத இப்பதிவை நேர்ப்பதிவு என வழங்கலாம். பின்னர் இவ்வெண்கள் மீண்டும் மின்னலையாக்கப்பட்டு அம்பிளிபயரினுட் செலுத்தப்படுகின்றன. அதன் ஒலிபெருக்கியின் முன்னே வைக்கப்பட்ட ஒலிவாங்கி அவ்வொலியைப் புதிதாகப் பதிகிறது. இதுவே றீஅம்பிங் எனப்படுவது. மீள்செலுத்துகை என நாம் அதனைக் குறிக்கலாம். பதிந்த ஒலியை மீண்டும் ஒலிபெருக்கிவழிச் செலுத்திப் பதிவது பழைய வழக்கமேயெனினும், அமெரிக்க ஒலிப்பொறியியலாளர் ஜோன் கியூனிபேட்டி 1990களில் இதற்கெனத் தனிப்பெட்டியொன்றை உருவாக்கி 'றீஅம்ப்' எனப் பெயரிட்டமை இம்முறைக்கு இன்றைய பெயரை அளித்தது.

இம்முறையினால் வாசிப்பும் ஒலிநிறமும் ஒன்றிலிருந்து ஒன்று பிரிக்கப்படுகின்றன. குறை காண்பதற்கும் இப்பிரிவே அடிப்படையாக அமைகிறது. நேர்ப்பதிவுக்கு முன் நிகழ்ந்த குறை வாசிப்புடன் சேர்ந்தே பதிந்துவிடும்; அதனை நீக்க வேண்டுமாயின் மீண்டும் வாசிப்பதன்றி வேறு வழி அரிது. நேர்ப்பதிவுக்குப் பின் நிகழும் குறையையோ, வாசிப்புக்கு இழப்பின்றி எத்தனை முறையும் திருத்தலாம். ஆதலின் எவ்வகைக் குறை தோன்றினும் முதலிற் செய்யவேண்டியது, அம்பிளிபயரையும் செருகுநிரல்களையும் விலக்கிவிட்டு நேர்ப்பதிவை மாத்திரம் கேட்பதேயாகும். அதிற் குறை உளதா, இலதா என்னும் வினாவுக்கு விடை கிடைத்தவுடனேயே தேடவேண்டிய களத்திற் பெரும்பகுதி கழிந்துவிடுகிறது.

நுழைவாயிற் குறைகள்

நேர்ப்பதிவே மங்கி, உயிரற்று ஒலிக்குமாயின் தந்தியைக் குறைகூறுமுன் நுழைவாயிலை நோக்க வேண்டும். மின்கலமற்ற பிக்கப் உயர்ந்த தடங்கலுடைய மூலமாகும். அது இணைக்கப்படும் வாயிலின் தடங்கல் அதனிலும் பன்மடங்கு உயர்ந்திருத்தல் வேண்டும். இசைக்கருவிக்கென அமைந்த வாயில் ஏறத்தாழ 10 இலட்சம் ஓம் தடங்கல் உடையது. வேறு ஒலிக்கருவிகளின் வெளியீட்டை ஏற்கும் லைன் வாயிலோ பெரும்பாலும் 10,000 ஓம் அளவினதே. கிற்றாரை இரண்டாவதில் இணைக்கும்பொழுது உயர்மீடிறன்கள் நலிந்து ஒலி மங்குகிறது. இடைமுகக் கருவியிலுள்ள 'இன்ஸ்ருமென்ற்' என்னும் ஆளியை இயக்குவதனாற் பல வேளைகளில் இக்குறை நீங்கிவிடும்.

அடுத்தது அளவு. இலக்கமுறைப் பதிவில் எண்ணுக்கு ஓர் உச்ச வரம்பு உண்டு. அவ்வரம்பைக் கடக்கும் அலையின் முடி தட்டையாக வெட்டுண்டுவிடும். காந்த நாடா மிகையான அளவை மெல்ல மெல்ல நெரித்து ஏற்றுக்கொண்டது. எண்ணோ அவ்வாறு இசைந்து கொடுப்பதில்லை. நாடாக் காலத்திலும் 16 பிற் காலத்திலும், அடித்தள இரைச்சலை மேவுவதற்காக அளவை இயன்றவரை உயர்த்திப் பதியும் வழக்கம் நிலவியது. 16 பிற் பதிவின் கொள்கையளவிலான வீச்சு ஏறத்தாழ 96 டெசிபெல். 24 பிற் பதிவினதோ ஏறத்தாழ 144 டெசிபெல். எனவே 24 பிற்றிற் பதிபவர் அப்பழைய வழக்கத்தைத் தொடரவேண்டிய தேவை இல்லை. மிக வன்மையாக மீட்டும்பொழுதும் உச்சம், வரம்புக்கு 12 டெசிபெல் கீழே நிற்குமாறு அமைத்தல் போதுமானது. இங்கு ஓர் எச்சரிக்கை அவசியம். அம்பிளிபயர் தானே ஒலியைச் சிதைத்து அழகு செய்வது. அச்சிதைவின் கீழ் முடிவெட்டுண்ட குறை மறைந்துகொள்ளும். பின்னொரு நாள் தெளிவான ஒலிநிறத்தை நாடும்பொழுதே அது வெளிப்படும். நேர்ப்பதிவைத் தனித்துக் கேட்க வேண்டும் என்றமைக்கு இதுவும் ஒரு காரணமாகும்.

காலத்தின்பாற்பட்ட குறைகள்

தொடர்ச்சியான அலையைக் குறித்த இடைவெளிகளில் அளந்து எண்ணாக்குதலே இலக்கமுறைப் பதிவின் சாரம். ஒரு மீடிறனைப் பிழையின்றி மீளப் பெறுவதற்கு அதன் இருமடங்கிலும் கூடிய வீதத்தில் மாதிரி எடுத்தல் வேண்டும் என்னும் கோட்பாடு, ஹரி நைக்குவிஸ்ற் 1928இலும் குளோட் ஷனன் 1949இலும் வெளியிட்ட ஆய்வுகளுடன் தொடர்புபடுத்திப் பேசப்படுவது. ஆகவே இலக்கமுறைக் குறைகளுட் பல காலத்தைப் பற்றியனவாய் இருத்தல் இயல்பே.

கணினி மாதிரிகளை ஒவ்வொன்றாகக் கையாள்வதில்லை. பஃபர் எனப்படும் இடைத்தேக்கத்திற் சேர்த்துத் தொகுதி தொகுதியாகவே கையாள்கிறது. தேக்கம் சிறிதாயின் தாமதம் குறையும். ஆனால் கணினி உரிய நேரத்துள் வேலையை முடிக்காவிடில் 'டிக்' என்னும் முறிவொலி எழும். தேக்கம் பெரிதாயின் முறிவு நீங்கும், தாமதம் மிகும். வினாடிக்கு 48,000 மாதிரிகள் என்னும் வீதத்தில் 128 மாதிரித் தேக்கம் ஏறத்தாழ 2.7 மில்லிசெக்கன், 1024 மாதிரித் தேக்கம் ஏறத்தாழ 21 மில்லிசெக்கன். உள்வரவு, வெளியேற்றம் ஆகிய இரண்டும் சேரும்பொழுது இத்தாமதம் மேலும் கூடும். ஒலி காற்றில் ஒரு மீற்றர் செல்ல ஏறத்தாழ 3 மில்லிசெக்கன் எடுக்கிறது என்பதை நினைவிற்கொண்டால், சிறிய தாமதம் அம்பிளிபயரிலிருந்து ஓரிரு மீற்றர் தள்ளி நின்று வாசிப்பதை ஒத்ததே என்பதும், பெரிய தாமதம் கையையும் காதையும் பிரித்துவிடும் என்பதும் புலனாகும்.

வாசிப்புக்கும் மீள்செலுத்துகைக்கும் தேவைகள் வேறானவை. வாசிக்கும்பொழுது தேக்கத்தைச் சிறிதாக்கலாம். அல்லது இடைமுகக் கருவியின் நேரடிக் கேட்பு வசதியைப் பயன்படுத்தி, கணினியைச் சுற்றிவராத ஒலியை ஹெட்போனிற் கேட்கலாம். மீள்செலுத்துகையின்போதோ யாரும் வாசிப்பதில்லை. எனவே தேக்கத்தைப் பெரிதாக்கி முறிவைத் தவிர்ப்பதே தக்கது.

முறிவொலி கேட்குமாயின் அதே பகுதியை இருமுறை ஒலிக்கச்செய்து பார்க்க வேண்டும். இருமுறையும் அதே இடத்திற் கேட்டால் முறிவு பதிவினுள்ளேயே உள்ளது எனலாம். இடம் மாறினால் அது ஒலிக்கும் வேளையிற் பிறப்பது, பதிவு பழுதற்றது. இவ்வெளிய சோதனையைச் செய்யாமல் நல்ல வாசிப்புகளை அழித்துவிடுவோர் உளர்.

சீரான இடைவெளியில் முறிவு எழுமாயின் கடிகாரத்தை ஐயுறல் வேண்டும். இலக்கமுறைக் கேபிளால் இணைக்கப்பட்ட இரு கருவிகள் தத்தம் உட்கடிகாரத்தைப் பின்பற்றுமாயின் அவை சிறிது சிறிதாக விலகிச் செல்லும். பத்து இலட்சத்திற் பத்துப் பங்கு வேறுபாடு இருப்பினும், 48,000 வீதத்தில் ஏறத்தாழ இரு வினாடிக்கு ஒருமுறை ஒரு மாதிரி பிசகும். ஒன்றைத் தலைமைக் கடிகாரமாகவும் மற்றதை அதனைப் பின்பற்றுவதாகவும் அமைப்பதே பரிகாரம். இதனோடு ஒத்த வேறொரு பிழை வீதம் மாறுபடுவதாகும். 44,100 வீதத்திற் பதிந்ததை 48,000 வீதத்தில் ஒலிக்கச்செய்தால் சுருதி ஏறத்தாழ ஒன்றரை அரைச்சுரம் உயரும். மூன்று நிமிடப் பாடல் 2 நிமிடம் 45 வினாடியில் முடிந்துவிடும்.

அம்பிளிபயருக்குப் பதிலாக மென்பொருளைப் பயன்படுத்துவோர் எதிர்கொள்ளும் குறையொன்றும் உண்டு. சிதைவு புதிய மேற்சுரங்களை ஆக்குகிறது. அவை மாதிரி வீதத்தின் பாதியைக் கடக்கும்பொழுது கீழே மடிந்து வரும். 48,000 வீதத்தில் 30,000 ஹேர்ட்ஸ் மேற்சுரம் 18,000 ஹேர்ட்ஸாகத் தோன்றும். இசையுடன் உறவற்ற உலோகக் கரகரப்பு இதன் விளைவு. மென்பொருளில் மிகைமாதிரி வசதி இருப்பின் அதனை இயக்குவதால் இது பெரிதும் தணியும்.

திரும்பும் வழியிற் குறைகள்

இடைமுகக் கருவியின் லைன் வெளியீடு அளவில் உயர்ந்தது, தடங்கலிற் குறைந்தது. அம்பிளிபயரின் வாயிலோ கிற்றாரை எதிர்பார்த்து அமைக்கப்பட்டது. இரண்டையும் நேரே இணைக்கும்பொழுது கரடுமுரடான சிதைவும் இரைச்சலும் எழுவது வியப்பன்று. மீள்செலுத்துகைப் பெட்டி அளவைக் குறைத்து, மூலத்தின் தடங்கலை உயர்த்தி இரண்டுக்கும் இசைவு ஏற்படுத்துகிறது. நிலைமாற்றி உடைய பெட்டி மின்தொடர்பையும் பிரிக்கிறது. கணினியும் அம்பிளிபயரும் வெவ்வேறு வழிகளிற் புவித்தொடுப்புப் பெறும்பொழுது அவற்றிடையே ஒரு வளையம் உண்டாகி, இலங்கையிலும் பிரித்தானியாவிலும் 50 ஹேர்ட்ஸிலும், அமெரிக்காவில் 60 ஹேர்ட்ஸிலும், அவற்றின் மடங்குகளிலும் முரல் எழும். அதனைத் தகர்ப்பது நிலைமாற்றியே. மடிக்கணினியின் மின்னேற்றியைக் கழற்றியதும் கீச்சொலி மறையுமாயின் அதுவும் இவ்வகையினதே எனக் கொள்ளலாம்.

முரலை நீக்குவதற்காக அம்பிளிபயரின் புவித்தொடுப்பு வயரைத் துண்டிக்கும் பழக்கம் கொடியது. ஸ்கொட்லாந்துக் கிற்றார்க் கலைஞர் லெஸ் ஹாவி 1972இல் வேல்ஸின் சுவான்சி நகர மேடையில், முறையாகப் புவித்தொடுப்புச் செய்யப்படாத ஒலிவாங்கியைத் தொட்டபொழுது மின்தாக்கி உயிரிழந்தார். வளையத்தைச் சைகைக் கேபிளின் வழியிற் பிரிக்கலாம்; மின்வழங்கலின் பாதுகாப்பு வயரை ஒருபோதும் தொடலாகாது. இரவில் அயலார் உறக்கம் கருதி வால்வு அம்பிளிபயரின் ஒலிபெருக்கியைக் கழற்றிவிட்டு இயக்குவதும் தவறு. ஏற்ற சுமை இல்லாதவிடத்து அதன் வெளியீட்டு நிலைமாற்றி பழுதடையக்கூடும்.

மீள்செலுத்துகை தொடங்கியவுடன் ஊளையொலி வெடித்தெழுமாயின் மென்பொருளின் வழிப்படுத்தலை நோக்க வேண்டும். புதிதாகப் பதியும் தடத்தின் ஒலி, அம்பிளிபயருக்குச் செல்லும் அதே வெளியீட்டிற் கலக்குமாயின் வட்டம் மூடிக்கொள்கிறது. அவ்வெளியீட்டை நேர்ப்பதிவுக்கு மாத்திரம் ஒதுக்கிவிடுதல் வேண்டும்.

இறுதியாக, புதிய பதிவு நேர்ப்பதிவிலும் சற்றுப் பிந்தியே வரும். கருவி அறிவிக்கும் தாமதத்தை மென்பொருள் ஈடுசெய்யினும், ஒலிபெருக்கிக்கும் ஒலிவாங்கிக்கும் இடைப்பட்ட காற்றுவெளியை அது அறியாது. 34 சென்ரிமீற்றர் இடைவெளி ஒரு மில்லிசெக்கன் பிந்துதலை ஏற்படுத்தும். இரு பதிவுகளையும் கலக்கும்பொழுது 500, 1500, 2500 ஹேர்ட்ஸ் ஆகிய இடங்களில் ஒலி ஒன்றையொன்று அழித்து மெலியும். நேர்ப்பதிவின் தொடக்கத்தில் ஒரு கூரிய தட்டொலியை வைத்து, அதுவும் அம்பிளிபயரூடாகச் சென்று பதியுமாறு செய்தால், இரு தட்டொலிகளுக்கும் இடையிலான தூரத்தை அளந்து புதிய பதிவை முன்னே நகர்த்தலாம்.

முடிவுரை

மேற்கூறியவற்றைத் தொகுத்து நோக்குமிடத்து ஒரு நடைமுறை தெளிவாகிறது. நேர்ப்பதிவை எல்லைக்கோடாகக் கொண்டு குறை எப்புறத்தே உள்ளது எனத் துணிதல், அப்புறத்தை மேலும் இரண்டாகப் பகுத்தல், ஒரு வேளையில் ஒன்றை மாத்திரம் மாற்றி, ஏனையவற்றை நிலையாக வைத்தல், மாற்றியதைக் குறித்துவைத்தல். பல அமைப்புகளை ஒருங்கே மாற்றுபவர் குறை நீங்கிய பின்னரும் அது ஏன் நீங்கியது என அறியமாட்டார். மறுமுறை அது தோன்றும்பொழுது மீண்டும் தொடக்கத்திலேயே நிற்பார்.

பதிவுக்கூடத்தின் தொழிலாளர் இவ்வறிவை நூல்களிலிருந்து மாத்திரம் பெறவில்லை; நாளாந்தம் கேபிள்களைக் கழற்றியும் பூட்டியும் பெற்றனர். அவ்வறிவு வீட்டில் வாசிப்பவருக்கும் உரியதே. நேர்ப்பதிவு பழுதின்றி இருக்கும்வரை வாசிப்பு இழக்கப்படுவதில்லை. ஏனையவற்றை ஆறுதலாகத் திருத்திக்கொள்ளலாம். ஆகவே புதிய கருவிக்குப் பணம் செலவிடுமுன் நேர்ப்பதிவை ஒருமுறை தனித்துக் கேட்பதும், அதன் பிரதியொன்றைப் பிறிதோர் இடத்திற் பாதுகாத்து வைப்பதும் இன்றியமையாதனவாகும்.