அழுக்குத் தெரியாத கை

யாழ்ப்பாணத்துக் கிராமமொன்றிலே மதிய உணவு வேளை. தோட்டத்திலிருந்து மீண்ட குடும்பத்தலைவர் கிணற்றடியிலே கால்களைக் கழுவிவிட்டு வீட்டுக்குள் வருகின்றார். செம்பிலுள்ள நீரிற் சிறிதளவை வலக்கை விரல்களின் நுனியில் வார்த்துக்கொண்டு உணவுக்கு அமர்கின்றார். உண்டு முடிந்ததும் மீண்டும் கிணற்றடிக்குச் சென்று, சவர்க்காரமிட்டு, மீன்குழம்பின் மணம் நீங்கும்வரை கையைத் தேய்த்துக் கழுவுகின்றார். பல வீடுகளில் நாள்தோறும் நிகழும் இக்காட்சியில் எவரும் குறை காண்பதில்லை. ஆயினும் சற்று நின்று நோக்கினால், இங்கே ஒழுங்கு தலைகீழாக இருப்பது புலப்படும். உணவு வாய்க்குட் செல்லுமுன் பெயரளவிற் கழுவப்பட்ட கை, உணவு சென்ற பின்னரே செவ்வையாகக் கழுவப்படுகின்றது. உடலுக்குள் நோய் புகாதிருக்க வேண்டும் என்பதற்காகவன்றி, கையில் மணம் நில்லாதிருக்க வேண்டும் என்பதற்காகவே சவர்க்காரம் பயன்படுகின்றது.

இதற்குக் காரணம் சோம்பல் அன்று. கை சுத்தமா அன்றா என்பதைத் தீர்மானிக்கும் பொறுப்பை மனிதர் தம் கண்ணிடமும் மூக்கிடமும் ஒப்படைத்துவிட்டமையே காரணம். சேறு கண்ணுக்குத் தெரிகின்றது. மீன்மணம் மூக்குக்குத் தெரிகின்றது. ஆனால் நோய்க்கிருமிகளோ இவ்விரண்டுக்கும் அகப்படாதவை. பற்றீரியா எனப்படும் கிருமிகள் பல நூற்றை வரிசையாக அடுக்கினாலும் அவ்வரிசை ஒரு மில்லிமீற்றர் நீளத்தைத் தாண்டாது. வைரசுக்கள் அவற்றிலும் மிகச் சிறியவை. ஆகவே மாசற்றுத் தோன்றும் கையிலே ஒரு குழந்தையை நோயிற் கிடத்தப் போதிய கிருமிகள் இருக்கக்கூடும். இவ்வுண்மையை உலகம் எளிதில் ஏற்றுக்கொள்ளவில்லை. அதனை முதலில் எடுத்துக் கூறியவர்களுள் ஒருவரின் வரலாறு அறியத்தக்கது.

ஐரோப்பாவின் வியன்னா நகரப் பொது வைத்தியசாலையிலே, 1846 ஆம் ஆண்டளவில், இரண்டு பிரசவப் பிரிவுகள் இருந்தன. முதலாம் பிரிவிலே வைத்திய மாணவர்கள் பயின்றனர். இரண்டாம் பிரிவிலே மருத்துவிச்சிகள் பயின்றனர். அவ்வாண்டில், முதலாம் பிரிவிற் பிள்ளை பெற்ற தாய்மாருள் நூற்றுக்கு 11 பேருக்கு மேல் இறந்தனர். இரண்டாம் பிரிவிலோ நூற்றுக்கு 3 பேருக்கும் குறைவாகவே இறந்தனர். பெரும்பாலானோரைக் கொண்டுசென்றது பிரசவக் காய்ச்சல். ஏழைப் பெண்கள் தம்மை முதலாம் பிரிவிற் சேர்க்க வேண்டாமென்று மன்றாடினர். ஆயினும் கெட்ட காற்றினாலேயே அந்நோய் வருகின்றது என்று வைத்தியர்கள் நம்பியிருந்தனர்.

முதலாம் பிரிவிலே உதவி வைத்தியராகக் கடமையாற்றிய இக்னாஸ் செமல்வைஸ் என்னும் அங்கேரி நாட்டவருக்கு அவ்விளக்கம் மனநிறைவு தரவில்லை. ஒரே கட்டடத்தின் இரு பிரிவுகளுக்கும் காற்று ஒன்றுதானே! 1847 ஆம் ஆண்டில் அவருடைய நண்பரான வைத்தியரொருவர், பிரேத பரிசோதனையின்போது கத்தி கீறியதனால் நோயுற்று இறந்தார். அவருடைய உடலிலே காணப்பட்ட மாற்றங்கள் பிரசவக் காய்ச்சலால் இறந்த தாய்மாரின் உடலிற் காணப்பட்டவற்றை ஒத்திருந்தன. அப்போதுதான் செமல்வைசுக்கு உண்மை புலனாயிற்று. முதலாம் பிரிவின் வைத்தியரும் மாணவரும் காலையிலே பிரேதங்களை அறுத்து ஆராய்ந்துவிட்டு, அதே கையுடன் தாய்மாரைப் பரிசோதிக்கச் சென்றனர். மருத்துவிச்சிகளுக்கோ பிரேத அறையில் வேலை இருக்கவில்லை. வைத்தியர்கள் தம் கைகளை ஓரளவு கழுவினர் என்பது மெய்யே. ஆனால் கழுவிய பின்னரும் பிரேத அறையின் மணம் அக்கைகளை விட்டு நீங்கவில்லை.

அவ்வாண்டு மே மாதத்தில், தாய்மாரைத் தொடுமுன் யாவரும் குளோரீன் ஏற்றிய சுண்ணாம்பு நீரிலே கை கழுவ வேண்டும் என்று செமல்வைஸ் கட்டளையிட்டார். ஏப்பிரல் மாதத்தில் நூற்றுக்கு 18 பேருக்கு மேல் இறந்த அதே பிரிவிலே, யூன் மாதத்தில் இறந்தோர் நூற்றுக்கு 2 பேரளவாகக் குறைந்தனர். மறு ஆண்டு முழுவதையும் சேர்த்து நோக்கினால், இரு பிரிவுகளுக்கும் இடையே பெரிய வேறுபாடு இருக்கவில்லை. புதிய மருந்து ஏதும் வந்துவிடவில்லை. கழுவப்பட்ட கைகளே அவ்வுயிர்களைக் காத்தன.

ஆயினும் அக்காலத்து வைத்தியர் பலர் இதனை ஏற்கவில்லை. நோயைத் தீர்க்க வந்த கையே நோயைத் தந்தது என்று ஒப்புக்கொள்வது எவருக்கும் எளிதன்று. கிருமிகளைப் பற்றிய அறிவு பரவாதிருந்த காலமாகையால், தமது கூற்றுக்குரிய காரணத்தைச் செமல்வைசாலும் முற்றாக நிறுவ இயலவில்லை. 1865 ஆம் ஆண்டிலே, தமது 47 ஆவது வயதில், மனநோய் விடுதியொன்றிலே அவர் இறந்தார். அதன் பின்னரே லூயி பாஸ்டர் போன்றோரின் ஆராய்ச்சிகளால் அவர் கூறியது மெய்யென உலகம் கண்டுகொண்டது.

வைத்தியசாலையிலே நிகழ்ந்தது வீட்டிலும் நிகழக்கூடும் என்பதற்கு அமெரிக்காவிலிருந்து ஒரு சான்று உண்டு. 1906 ஆம் ஆண்டு கோடை காலத்தில், நியூயோர்க் நகருக்கு அண்மையிலுள்ள ஒயிஸ்டர் பே என்னுமிடத்திலே, ஒரு செல்வந்தரின் வீட்டில் இருந்த 11 பேருள் 6 பேர் நெருப்புக் காய்ச்சலால் வருந்தினர். நீரையும் பாலையும் சோதித்தும் காரணம் புலப்படவில்லை. ஈற்றில், அவ்வீட்டிற் சமையல் வேலை செய்த மேரி மலன் என்னும் பெண்மீது சந்தேகம் விழுந்தது. அவர் முன்னர் வேலை செய்த வீடுகள் பலவற்றிலும் அதே நோய் தோன்றியிருந்தது. சோதித்தபோது அவருடைய உடலிலிருந்து நெருப்புக் காய்ச்சற் கிருமிகள் வெளியேறி வந்தமை தெரியவந்தது. அவரோ நல்ல தேகசுகத்துடன் இருந்தார். தம்மால் நோய் பரவுகின்றது என்பதை அவர் நம்ப மறுத்தார். இனிச் சமையல் வேலை செய்வதில்லை என்ற வாக்குறுதியின்பேரில் 1910 ஆம் ஆண்டில் விடுவிக்கப்பட்டவர், 1915 ஆம் ஆண்டில் ஒரு மகளிர் வைத்தியசாலையின் சமையலறையிலே காணப்பட்டார். அங்கே 25 பேர் நோயுற்றிருந்தனர்.

நன்றாகக் கொதித்த உணவிலே இக்கிருமி உயிர் வாழாது. அவ்வாறாயின் சமையற்காரியின் கையிலிருந்து அது எவ்வாறு பரவியது? அடுப்பேறாத உணவின் வழியாகவே. பழத்துண்டுகள் சேர்த்து அவர் தயாரித்த ஐஸ்கிறீமே முதற் சந்தேகத்திற்கு உள்ளாயிற்று. இலங்கைத் தமிழர் வீடுகளில் அந்த ஐஸ்கிறீமின் இடத்திலே சம்பலும் பச்சடியும் இருக்கின்றன. கையாற் பிசைந்து குழந்தைக்கு ஊட்டும் சோறும் இருக்கின்றது. சோறு வெந்ததே, ஆனால் பிசையும் கை வேகவில்லை. நெருப்புக் காய்ச்சலும், வயிற்றோட்டமும், செங்கண்மாரியின் ஒரு வகையும், நோயாளியின் அல்லது நோயைச் சுமப்பவரின் மலத்திலிருந்து கையின் வழியாகவும் நீரின் வழியாகவும் ஈயின் வழியாகவும் மற்றொருவரின் வாயை அடைவனவே.

நம்மவரிடையே சுத்தத்தைப் பற்றிய எண்ணம் இல்லாமலில்லை. வெளியிற் சென்று வந்தவர் கால் கழுவி வீட்டுக்குள் நுழைதலும், செம்பை உதட்டிற் படாது உயர்த்தி அண்ணாந்து குடித்தலும், ஒருவர் எச்சிலை மற்றவர் உண்ணாது விடுதலும் நல்ல வழக்கங்களே. எச்சில் என்ற ஒரு சொல்லே பல நோய்களுக்கு வேலியாக நின்றிருக்கின்றது. ஆனால் அண்ணாந்து குடிக்கும் அதே வீட்டிலே, குடத்து நீரை முகரும்போது பேணியுடன் விரல்களும் நீருள் அமிழ்வதை எவரும் கவனிப்பதில்லை. எச்சில் என்று அஞ்சியவர்கள் விரலுக்கு அஞ்சக் கற்கவில்லை.

இதனினும் பெரிய தவறொன்று உண்டு. தீட்டு என்ற எண்ணத்தைச் சுத்தம் என்று மயங்கியதே அது. சில சாதியினரைத் தொட்டால் தீட்டு என்றும், அவர்கள் கிணற்றிலே நீர் அள்ளினாற் கிணறு கெட்டுவிடும் என்றும் கருதிய காலம் இருந்தது. தேநீர்க்கடைகளிலே அவர்களுக்கெனத் தனிப் பாத்திரங்கள் வைக்கப்பட்டன. அத்தகைய வேற்றுமை காட்டுவதைக் குற்றமாக்கும் சட்டம் இலங்கையில் 1957 ஆம் ஆண்டிலே இயற்றப்பட்டது. கிருமி சாதி அறியாது. தொழிலாளியின் கையைத் தூய்மையற்றது என்று விலக்கிய வீட்டிலே, மலகூடத்திலிருந்து சவர்க்காரமின்றி வந்த வீட்டுக்காரரின் கை சோற்றுப்பானையைத் திறந்தது. அயலாரிடத்தில் அழுக்கைக் காண்பதும், தம் கையிலும் தம் பிள்ளையின் கையிலும் அதனைக் காணாதிருப்பதும் வியன்னாவின் வைத்தியர்கள் கொண்டிருந்த அதே மயக்கமாகும். கைக்குழந்தையின் மலத்தை மலமென்றே கருதாத தாய்மார் பலர் உளர். ஆனால் குழந்தையின் மலத்திலும் நோய்க்கிருமிகள் உண்டு. குழந்தையைக் கழுவிய கை சவர்க்காரமின்றி அடுப்படிக்குச் செல்லுமாயின், அன்பு மிகுந்த அந்தக் கையே வீட்டிலுள்ள மற்றப் பிள்ளைகளுக்கு நோயைப் பரிமாறிவிடும்.

ஆகவே எப்போது கழுவ வேண்டும் என்பதை அறிதல் முதற்படி. மலகூடம் சென்று வந்த பின்னரும், குழந்தையின் மலத்தைத் துடைத்த பின்னரும், சமைக்கத் தொடங்குமுன்னும், உண்ணுமுன்னும், பிள்ளைக்கு ஊட்டுமுன்னும் கழுவுதல் இன்றியமையாதது. பச்சை மீனையும் இறைச்சியையும் தொட்ட பின்னரும், நோயாளிக்குப் பணிவிடை செய்த பின்னரும், மூக்கைச் சீறிய பின்னரும் கழுவுதல் வேண்டும்.

எவ்வாறு கழுவ வேண்டும் என்பது இரண்டாவது. வெறும் நீர் ஓரளவே பயன்படும். கையிலுள்ள எண்ணெய்ப் பசையிற் கிருமிகள் ஒட்டிக்கொண்டிருக்கின்றன. எண்ணெயோ நீரிற் கரையாது. சவர்க்காரத்தின் நுண்துகள் ஒவ்வொன்றும் ஒரு முனையால் நீரையும் மறு முனையால் எண்ணெயையும் பற்றும் இயல்புடையது. ஆதலால் அது பசையைக் கையிலிருந்து பிரித்து நீரோடு செல்லவிடுகின்றது. பசையுடன் கிருமியும் செல்கின்றது. சில வைரசுக்களுக்குக் கொழுப்பாலான மேலுறை உண்டு. அவ்வுறையையே சவர்க்காரம் சிதைத்துவிடும். இவ்வேலைக்குச் சிறிது நேரம் தேவை. சவர்க்காரமிட்டு, உள்ளங்கை, புறங்கை, விரலிடுக்கு, பெருவிரல், நக நுனி ஆகியவற்றை 20 விநாடியளவு தேய்த்தல் வேண்டும். நீர் வெந்நீராயிருக்க வேண்டியதில்லை. குழாய் இல்லாத வீட்டிலே ஒருவர் பேணியால் வார்க்க மற்றவர் கழுவினாலே போதும். ஒரே பாத்திரத்து நீருள் பலரும் கை அமிழ்த்துதல் மட்டும் ஆகாது. கழுவிய பின் ஈரத்தை நன்கு உலர்த்துதலும் வேண்டும். ஈரக்கை கிருமிகளை எளிதிலே பற்றி எளிதிலே கொடுக்கும். அடுப்படியிலே பானை பிடித்து, பலகை துடைத்து, நாள்முழுதும் ஈரமாய்க் கிடக்கும் பழந்துணியிற் கையைத் துடைத்தால், கழுவியதன் பயன் கெட்டுவிடும்.

இவ்வளவும் கேட்ட ஒருவர், கிருமி என்றாலே அஞ்சி நடுங்கத் தொடங்குதலும் பிழையாகும். கிருமிகள் அனைத்தும் பகைவரல்ல. பாலைத் தயிராக்குவதும் பற்றீரியாவே. மனிதரின் குடலிலும் தோலிலும் வாழ்ந்து அவருக்கு நன்மை செய்யும் கிருமிகள் எண்ணிறந்தவை. வீட்டைக் கிருமியே இல்லாத இடமாக்க எவராலும் இயலாது. அது வேண்டப்படுவதும் அன்று. கிருமிகொல்லி சேர்ந்தது என்று விளம்பரப்படுத்தப்படும் விலை உயர்ந்த சவர்க்காரத்தைத் தேடி அலைய வேண்டியதுமில்லை. பாக்கிஸ்தானின் கராச்சி நகரிலே வறியோர் குடியிருப்புகளில் நடத்தப்பட்ட ஓர் ஆய்வின் முடிவுகள் 2005 ஆம் ஆண்டிலே வெளியாயின. சவர்க்காரம் வழங்கப்பட்டு, கை கழுவப் பழக்கப்பட்ட குடும்பங்களில், பிள்ளைகளுக்கு வயிற்றோட்டமும், ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளுக்கு நியூமோனியாவும் ஏறத்தாழப் பாதியாகக் குறைந்திருந்தன. சாதாரண சவர்க்காரத்தைப் பெற்ற வீடுகளுக்கும் கிருமிகொல்லிச் சவர்க்காரத்தைப் பெற்ற வீடுகளுக்கும் இடையே குறிப்பிடத்தக்க வேறுபாடு காணப்படவில்லை.

2020 ஆம் ஆண்டிலே கொரோனாத் தொற்று வந்தபோது, இலங்கையின் கடைகள்தோறும் வாசலிலே நீர்த்தொட்டியும் சவர்க்காரமும் தோன்றின. சிறு பிள்ளைகளும் விரலிடுக்கைத் தேய்க்கக் கற்றனர். அச்சம் தணிந்தபோது பல தொட்டிகள் வற்றின. அச்சத்தினாற் பிறக்கும் பழக்கம் அச்சத்துடனே மறைந்துவிடும். கண்டிப்பினாற் பிறப்பதும் நெடுநாள் நில்லாது. உண்ணுமுன் கை கழுவ வேண்டும் என்று பாடசாலையிலே பிள்ளைக்குக் கற்பித்துவிட்டு, அப்பாடசாலையின் குழாயடியிலே சவர்க்காரம் வைக்காது விடுவோமாயின், பிள்ளை கற்றுக்கொள்வது வேறு பாடமே.

பழக்கம் நிலைப்பதற்கு வழி எளிது. மலகூடத்தின் வாயிலில் ஒரு சவர்க்காரத் துண்டும், உணவு உண்ணும் இடத்தின் அருகே ஒரு சவர்க்காரத் துண்டும் எப்போதும் இருத்தல் வேண்டும். தேடிச் செல்ல வேண்டிய பொருள் மறக்கப்படும். கண்ணெதிரே இருப்பது பயன்படுத்தப்படும். அதனினும் மேலானது பெரியோரின் முன்மாதிரி. உண்டபின் கறிமணம் போக்குவதற்கென்று சவர்க்காரத்தை நாடும் தந்தை, அதே சவர்க்காரத்தை உண்ணுமுன்னும் ஒருமுறை கையில் எடுப்பாராயின், அருகே நிற்கும் பிள்ளைக்கு வேறு போதனை தேவையில்லை. நாளை அப்பிள்ளையும் உணவுக்கு அமருமுன் அவ்வாறே செய்யும்.