தரங்கம்பாடி: ஊர்ப்பெயரும் ஊர்க்காட்சியும்

சோழநாட்டுக் கடற்கரையில், பொறையாற்றுக்கு அருகே, இன்றைய மயிலாடுதுறை மாவட்டத்தில் அமைந்தது தரங்கம்பாடி. டேனியர் கோட்டையையும் பழைய வீதிகளையும் காண இவ்வூர்க்கு வருவோர் பலர். அன்னோர்க்கு முதற்கண் கூறப்பெறுவது, 'அலைகள் பாடும் ஊர்' என்னும் பெயர் விளக்கமாகும். செவிக்கு இனிதாகிய இவ்விளக்கம் ஊர்ப்பெயர் வழக்கொடு பொருந்துமா? டேனியர் வந்த பின்னரே இவ்வூர் துறைமுகமாயிற்று என்னும் எண்ணம் சரியா? இவ்விரு வினாக்களுக்கும் ஊரின் சின்னங்களே விடை தருகின்றன. அவற்றைக் காலமுறைப்படி காண்போம்.

முதற்கண் 'பாடி' என்னும் சொல்லை நோக்குவோம். 'வானம்பாடி' என்புழிப் பாடுவது என்னும் பொருளில் இச்சொல் வருதல் உண்மையே. ஆயின் அது பறவையின் பெயர். ஊர்ப்பெயரின் ஈற்றில் நிற்குங்கால் 'பாடி' குடியிருப்பையே குறிக்கும். ஆய்ப்பாடி, வாணியம்பாடி, எடப்பாடி முதலியன இதற்குச் சான்றாம். ஆகவே தரங்கம்பாடி என்பதற்கு, இன்று நிற்கும் வடிவை ஒட்டிப் பொருள் கூறினும், 'அலைக்கரை ஊர்' என்பதே பொருந்தும். அலையைப் பாட வைத்தல் கற்பனையேயாம்.

இனி, ஊரின் மிகப் பழைய சின்னத்துக்குச் செல்வோம். கடலை ஒட்டி நிற்கும் மாசிலாமணி நாதர் கோயிலே அது. மாறவர்மன் குலசேகர பாண்டியன் காலத்தில், 14ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில், இது எழுந்தது. இங்குள்ள கல்வெட்டு, இவ்வூரைச் 'சடங்கன்பாடி' என்றும் 'குலசேகரன்பட்டினம்' என்றும் குறிக்கின்றது. இவ்விரு பெயர்களும் நம் வினாக்களுக்கு விடையாகின்றன. 'பட்டினம்' என்பது காவிரிப்பூம்பட்டினம், நாகப்பட்டினம் என்பன போலக் கடற்றுறை நகரைக் குறிப்பது. எனவே டேனியர் வருகைக்கு 300 ஆண்டுகளுக்கு முன்பே இது மன்னன் பெயர் தாங்கிய துறையூராய் விளங்கியமை தெளிவு.

'சடங்கன்' என்பது ஓர் ஆட்பெயர் ஆகலாம். சடங்கன்பாடியே தரங்கம்பாடி எனத் திரிந்தது எனக் கருத இடமுண்டு. பகரத்தின் முன் னகரம் மகரமாதலும், டகரம் ரகரமாக ஒலித்தலும் பேச்சு வழக்கில் அரியன அல்ல. ஆயின் சகரம் தகரமானதற்கு ஒலிநெறி மட்டும் காரணம் கூறப் போதாது. பொருள் மறைந்த பழஞ்சொல்லைப் பொருள் விளங்கும் சொல்லாக மக்கள் மாற்றிக்கொள்வது உலக வழக்கு. நாள்தோறும் அலையைக் கண்ட மக்கள், 'சடங்கன்' விளங்காதபோது 'தரங்கம்' என்றனர் போலும்.

அடுத்துக் காணத்தக்கது டான்சுபோர்க் கோட்டை. 1620ஆம் ஆண்டு ஓவே கியெட்டே என்னும் டேனியத் தலைவர், தஞ்சை இரகுநாத நாயக்கரொடு உடன்படிக்கை செய்து இதனை எழுப்பினார். நாயக்கர் டேனிய வேந்தர்க்குப் பொன் தகட்டில் தமிழில் விடுத்த மடல் இன்றும் டென்மார்க்கில் போற்றப்படுகின்றது. டேனியர் இவ்வூரை 'டிராங்கெபார்' என வழங்கினர். தூத்துக்குடியின் 'குடி' அயலார் நாவில் 'கொரின்' ஆகியது போல, இங்குப் 'பாடி' 'பார்' ஆயிற்று. ஈரிடத்தும் டகரம் ரகரமாயிற்று. முதலில் தகரம் நிற்றலின், அவர்கள் கேட்டது சடங்கன்பாடி அன்று, தரங்கம்பாடியே என்பதும் பெறப்படும்.

கோட்டையிலிருந்து இராச வீதி வழியே மேற்கே சென்றால், 1792இல் கட்டிய நகர வாயிலை அடையலாம். இவ்வீதியிலேயே 1718இல் எழுந்த புதிய எருசலேம் ஆலயம் உள்ளது. 1706இல் இங்கு வந்த சீகன்பால்கு 1719இல் மறைந்து இதனுள் அடக்கம் செய்யப்பெற்றார். இவர் 1708இல் நூற்றுக்கு மேற்பட்ட தமிழ்ச் சுவடிகளுக்கு விளக்கப் பட்டியல் வகுத்தவர். 1715இல் புதிய ஏற்பாட்டைத் தமிழில் அச்சிட்டு முடித்தவர். ஆதலின் தமிழ் அச்சின் வரலாறு பயில்வார்க்கும் இவ்வூர் இன்றியமையாதது.

1845இல் டேனியர் இவ்வூரைச் சேராம்பூரொடு சேர்த்துப் பன்னிரண்டரை இலட்ச ரூபாய்க்கு ஆங்கிலேயர்க்கு விற்றனர். பின்னர்த் துறைமுகம் தளர்ந்தது. கோட்டை அருங்காட்சியகமாயிற்று.

வருவோர் பெரும்பாலும் கோட்டையில் தொடங்கி ஆலயத்தில் முடிப்பர். அதனால் ஊரின் வரலாறு 1620இல் தொடங்கியதாக எண்ணுவர். கடலோ எதிர்முறையில் வேலை செய்கின்றது. ஊரின் மிகப் பழைய சின்னமாகிய கோயிலின் முன்பகுதியையே அது முதலிற் கொண்டது. 2004ஆம் ஆண்டின் ஆழிப்பேரலையும் இக்கரையை வருத்தியது. கோயிலைப் புதுப்பிக்கலாம், எழுத்துடைய கல் கடலுட் போயின், அதனை மீண்டும் பொறிப்பார் யாருமிலர். ஆதலின் இவ்வூர்க்குச் செல்லும் ஆய்வு மாணவர் கோயிலில் தொடங்குக. கல்வெட்டைக் கண்டு, படியொடு ஒப்பிட்டு, அதன் பின்னரே கோட்டையை அடைக. சடங்கன்பாடியை அறியாதார் தரங்கம்பாடியைப் பாதியே கண்டவராவர்.