ஆளில்லாத ஊருக்கு ரெண்டு எம்.பி!

ஊரில் வீடு கிடையாது. வீடு இல்லாததால் ஆள் கிடையாது. ஆள் இல்லாததால் குழாயடிச் சண்டை, எல்லைத் தகராறு, கரண்ட் கட் எதுவும் கிடையாது. ஆனால் அந்த ஊருக்கு எம்.பி. மட்டும் உண்டு. அதுவும் ஒருவர் இல்லை... இரண்டு பேர்!

இங்கிலாந்தில், சாலிஸ்பரி நகரத்துக்கு வடக்கே இரண்டு மைல் தள்ளி ஒரு புல் மேடு இருக்கிறது. பெயர், ஓல்ட் ஸேரம். (சேர, சோழ, பாண்டியருக்கும் அதற்கும் சம்பந்தமில்லை.) 1832 வரை இந்த மேடுதான் பிரிட்டிஷ் பார்லிமென்ட்டில் ஒரு தனித் தொகுதி.

"நம்ம ஒரு ஓட்டுல என்ன சார் ஆயிடப் போவுது?" என்று தேர்தல் லீவில் குப்புறப் படுத்துத் தூங்கும் நண்பர்கள் எனக்கு நிறைய உண்டு. அவர்களுக்கு நான் சொல்லும் கதை இது. நடுவில் நுங்கம்பாக்கம் வரும், திருவொற்றியூர் வரும், தஞ்சாவூர் நெல்லும் வரும். ஆகவே, கொஞ்சம் தூங்காமல் கேளுங்கள்.

சாமி கீழே இறங்கினார்

ஓல்ட் ஸேரம் ஒரு காலத்தில் ஜேஜே என்று இருந்த ஊர்தான். சரித்திரத்துக்கு முந்தைய காலத்திலேயே அங்கே மண்கோட்டை இருந்தது. பிறகு ரோமானியர்கள் வந்தார்கள். 1066-ல் இங்கிலாந்தைப் பிடித்த வில்லியம், மேட்டின் மேல் கோட்டை கட்டினார். 1086-ல் ராஜ்யத்தின் பெரிய நிலச்சுவான்தார்களை அங்கே வரவழைத்து விசுவாசப் பிரமாணம் வாங்கினார். 1092-ல் ஒரு கதீட்ரலும் எழும்பியது.

வம்பு அங்கேதான். ஒரே மேட்டில் கோட்டைச் சிப்பாய்களும் கோயில் பாதிரியார்களும். இரண்டு பேருக்கும் ஒத்துப்போகவில்லை. போதாக்குறைக்கு மேட்டில் ஓயாத காற்று, தண்ணீர்த் தட்டுப்பாடு. "போதுமடா சாமி" என்று பாதிரியார்கள் 1220-ல் கீழே ஆற்றோரம் புது கதீட்ரலுக்கு அஸ்திவாரம் போட்டார்கள். அதைச் சுற்றி வளர்ந்ததுதான் இன்றைய சாலிஸ்பரி. சாமியே இடம் மாறினால் பூக்கடைக்காரருக்கு மேட்டில் என்ன வேலை? ஜனங்களும் ஒவ்வொருவராக இறங்கிவிட்டார்கள்.

ஊர் தேய்ந்துகொண்டிருந்த நேரத்தில், 1295-ல், பார்லிமென்ட்டுக்கு ஆள் அனுப்பச் சொல்லி ஓல்ட் ஸேரத்துக்கு உத்தரவு வந்தது. பதினாலாம் நூற்றாண்டிலிருந்து இரண்டு உறுப்பினர்கள் போவது வாடிக்கையாகிவிட்டது. எட்டாம் ஹென்றி காலத்தில் கோட்டைக் கற்களைக்கூடப் பெயர்த்து எடுத்துப் போனார்கள். கல் போயிற்று, ஜனம் போயிற்று... எம்.பி. பதவி மட்டும் போகவில்லை!

மனைக்கு ஓட்டு

ஆளே இல்லாமல் ஓட்டுப் போட்டது யார்? இதில்தான் இருக்கிறது சூட்சுமம். அந்தத் தொகுதியில் ஓட்டு மனுஷனுக்கு இல்லை, மனைக்கு! பழங்காலத்து மனைக்கட்டு சில இருந்தன. அவற்றின் சொந்தக்காரர்தான் வாக்காளர். வீடு இடிந்து, சுவர் விழுந்து, மேலே கோதுமை விளைந்தாலும் மனை மனைதான், ஓட்டு ஓட்டுதான். கடைசிக் காலத்தில் இருந்த வாக்காளர்கள் 11 பேர். ஒருவர்கூட அந்த ஊரில் குடியிருக்கவில்லை.

அப்படியானால் மனைகளையெல்லாம் ஒரே ஆள் வளைத்துப் போட்டுவிட்டால்? தொகுதியே அவர் பாக்கெட்டில். இம்மாதிரித் தொகுதிகளில் தேர்தலுக்கு முன் தினம் மனைகளை நம்பகமான சில பேர் பெயருக்கு எழுதி வைப்பார்கள். அவர்கள் கையைத் தூக்குவார்கள். தேர்தல் முடிந்ததும் பத்திரம் திரும்பி வந்துவிடும். இன்றைய பினாமி ஆசாமிகளெல்லாம் இவர்களுக்குப் பேரப்பிள்ளைகள்!

ஓல்ட் ஸேரத்துத் தேர்தல் ஒரு எல்ம் மரத்தடியில் நடந்தது. அந்த மரத்துக்குப் பெயரே 'பார்லிமென்ட் மரம்'. பல தேர்தல்களில் போட்டியே கிடையாது. போஸ்டர் இல்லை, மைக் இல்லை, டெபாசிட் போகும் பயம் இல்லை.

மெட்ராஸ் கவர்னர் வருகிறார்

இந்த மேட்டை 1690 வாக்கில் ஒரு வியாபாரி விலைக்கு வாங்கினார். பெயர் தாமஸ் பிட். கிழக்கிந்தியக் கம்பெனிக்கு மட்டுமே இந்திய வியாபார உரிமை இருந்த காலத்தில், கம்பெனியை ஏமாற்றித் தனியாக வியாபாரம் செய்து, கேஸில் மாட்டி, அபராதம் கட்டியவர். அப்படிச் சம்பாதித்த காசில்தான் ஓல்ட் ஸேரம் அவர் கைக்கு வந்தது.

கம்பெனி என்ன செய்தது தெரியுமா? இந்த ஆளை வெளியே விட்டு வைப்பதைவிட உள்ளே இழுத்துப் போடுவது மேல் என்று, 1698-ல் அவரையே மெட்ராஸ் செயின்ட் ஜார்ஜ் கோட்டைக்குக் கவர்னராக அனுப்பிவிட்டது!

ஆள் கெட்டிக்காரர். 1702-ல் மொகலாயத் தளபதி தாவூத் கான் மூன்று மாதத்துக்கும் மேலாகக் கோட்டையை முற்றுகையிட்டபோது பேரம் பேசிச் சமாளித்தார். 1708-ல் அதே தாவூத் கானிடமிருந்து ஐந்து கிராமங்களைக் கம்பெனிக்கு வாங்கினார். திருவொற்றியூர், நுங்கம்பாக்கம், வியாசர்பாடி, கத்திவாக்கம், சாத்தங்காடு. நீங்கள் தினமும் பஸ்ஸில் தொங்கிக்கொண்டு கடக்கிற நுங்கம்பாக்கம், கம்பெனி கணக்கில் ஏறியது இந்த 'பேய்த் தொகுதி' முதலாளியின் கையால்தான்.

மெட்ராஸில் இருக்கும்போதே அவர் ஒரு வைரமும் வாங்கினார். கிருஷ்ணா நதிக்கரையில் கொல்லூர் சுரங்கத்துக் கல். பட்டை தீட்டுவதற்கு முன் 410 காரட். விலை 48,000 வராகன். லண்டனில் பட்டை தீட்டி, 1717-ல் பிரான்சு தேசத்தை ஆண்ட ரீஜண்டுக்கு 1,35,000 பவுனுக்கு விற்றார். பிற்பாடு நெப்போலியன் அதைத் தன் வாளில் பதித்துக்கொண்டான். இன்று பாரீஸ் லூவ்ர் மியூசியத்தில் கண்ணாடிக்குள் ஜொலிக்கிறது.

வைரக் காசில் அவர் வேறு எஸ்டேட்டுகள் வாங்கினார். ஆனால் குடும்பத்துக்கு வைரத்தைவிட நீடித்து உழைத்தது அந்தப் புல் மேடுதான். வைரத்தை ஒரு தடவைதான் விற்க முடியும். தொகுதி அப்படியா? ஒவ்வொரு தேர்தலுக்கும் இரண்டு எம்.பி. காய்க்கிற மரமாயிற்றே!

1735-ல் தாமஸ் பிட்டின் பேரன் வில்லியம் பிட், இந்தத் தொகுதி வழியாகத்தான் முதன்முதலில் பார்லிமென்ட்டுக்குள் நுழைந்தார். பின்னால் பிரதம மந்திரியாகவும் ஆனார். அவரேதான், இப்படிப்பட்ட தொகுதிகள் அரசியலமைப்பின் அழுகிப்போன பாகம் என்று 1766-ல் பேசினார். ஏறி வந்த ஏணி அழுகியது என்று மேலே வந்த பிறகுதான் தெரிந்திருக்கிறது!

நெல்லும் நாற்காலியும்

'இங்கிலீஷ்காரன் தன் ஊரில் எப்படித் தேர்தல் நடத்தினால் நமக்கென்ன?' என்று கேட்கலாம். நமக்கென்ன என்று இருக்க முடியாததுதான் விஷயம்.

காசு இருந்தால் நாற்காலி கிடைக்கும் என்றால், காசு எங்கிருந்து வரும்? பால் பென்ஃபீல்டு என்று ஒரு ஆசாமி. 1764-ல் கம்பெனியின் கட்டட வேலைக்காக மெட்ராஸ் வந்தவர். ஆர்க்காட்டு நவாப் முகமது அலிக்குக் கடன் கொடுத்தே பெரும் பணக்காரர் ஆனார். 1773-ல் நவாப் தஞ்சாவூரைப் பிடித்ததும், அங்கே விளையும் நெல் தன் கடனுக்கு ஈடு என்றார். அவர் உரிமை கோரிய மொத்தத் தொகை இரண்டு லட்சம் பவுனுக்கு மேல்!

தஞ்சாவூரை அதன் ராஜாவிடமே திருப்பிக் கொடுக்க வந்த கவர்னர் பிகாட் பிரபுவை, 1776-ல் அவருடைய கவுன்சில்காரர்களே கைது செய்தார்கள். அடுத்த வருஷம் காவலிலேயே அவர் இறந்துபோனார்.

பென்ஃபீல்டு 1780-ல் எம்.பி. ஆனார். தன்னையும் சேர்த்து எட்டுப் பேரை அவர் பார்லிமென்ட்டில் உட்கார வைத்திருக்கிறார் என்று 1785-ல் எட்மண்ட் பர்க் அந்தச் சபையிலேயே குற்றம்சாட்டினார். நவாபின் கடன்களை விசாரணையே இல்லாமல் அரசாங்கம் ஒப்புக்கொண்டது பற்றித்தான் அன்றைக்குப் பேச்சு. அந்த அரசாங்கத்தின் பிரதமர் யார்? இளைய வில்லியம் பிட். நம் மெட்ராஸ் கவர்னரின் கொள்ளுப்பேரன்!

தஞ்சாவூர்க் குடியானவன் கொடுத்த வரி, வட்டியாகி, பவுனாகி, லண்டனில் நாற்காலி ஆகிறது. நாற்காலியில் உட்கார்ந்தவர் அந்த வரியைப் பற்றியே சட்டம் போடுகிறார். ஆளில்லாத தொகுதியில் ஆள் இல்லாவிட்டாலும் வேலை நடந்துகொண்டுதான் இருந்தது!

நியாயமாகச் சொன்னால், இளைய பிட் இதை மாற்றவும் பார்த்தார். அதே 1785-ல், 36 அழுகல் தொகுதிகளை நஷ்டஈடு கொடுத்து ஒழிக்கலாம் என்று மசோதா கொண்டுவந்தார். ஆதரவு 174, எதிர்ப்பு 248. ஒழிக்க வேண்டியதை ஒழிக்கும் அதிகாரம், அதில் உட்கார்ந்திருப்பவர்கள் கையிலேயே இருந்தால் வேறென்ன நடக்கும்?

கவர்னரின் எள்ளுப்பேரன் கேமல்ஃபோர்டு பிரபு ஒரு முரட்டுப் பேர்வழி. 1801-ல் ஹார்ன் டூக் என்பவரை ஓல்ட் ஸேரம் எம்.பி. ஆக்கினார். தமாஷ் என்னவென்றால், பார்லிமென்ட்டைச் சீர்திருத்த வேண்டும் என்று வாழ்நாளெல்லாம் கத்தியவர் டூக்! அவர் பாதிரியாராக இருந்தவர் என்று ஆட்சேபணை கிளம்பியது. பாதிரியார் உறுப்பினராகக் கூடாது என்று அந்த வருஷமே சட்டம் போட்டார்கள். 'வெள்ளை மனசுக்காரரை வேண்டாம் என்றால் என் கறுப்பு வேலைக்காரனை எம்.பி. ஆக்கி அனுப்புவேன்' என்கிற மாதிரி பிரபு மிரட்டியதாக ஒரு கதை உண்டு. அடுத்த வருஷமே பிரபு தொகுதியை விற்றுவிட்டார்.

வாங்கியவர் காலிடன் பிரபு. அவருடைய அப்பா கம்பெனி வேலையில் இந்தியாவில் சம்பாதித்துத் திரும்பியவர். அத்தை புருஷன் ஜோசியாஸ் டு ப்ரே, 1770 முதல் 1773 வரை மெட்ராஸ் கவர்னர்! ஆக, ஒரு மெட்ராஸ் கவர்னரின் வம்சத்திலிருந்து இன்னொரு மெட்ராஸ் கவர்னரின் சொந்தத்துக்குப் பட்டா மாறியது.

ஒரே ஒரு ஓட்டு

இதற்குள் இங்கிலாந்து மாறிவிட்டது. மான்செஸ்டர், பர்மிங்ஹாம், லீட்ஸ் என்று மில்களும் புகைபோக்கிகளுமாக ஊர்கள் கிளம்பிவிட்டன. மான்செஸ்டரில் லட்சத்துக்கும் மேல் ஜனம். அந்த ஊருக்கென்று எத்தனை எம்.பி.? பூஜ்யம்! கடல் அரித்துத் தின்ற டன்விச்சுக்கு இரண்டு, புல் மேட்டுக்கு இரண்டு... மில் தொழிலாளிக்கு நாமம்.

1819 ஆகஸ்டில் மான்செஸ்டர் செயின்ட் பீட்டர்ஸ் மைதானத்தில் சுமார் 60,000 பேர் கூடி ஓட்டுரிமை கேட்டார்கள். குதிரைப்படை வாளோடு கூட்டத்தில் புகுந்தது. 15 பேருக்கும் மேல் செத்தார்கள். நூற்றுக்கணக்கில் காயம். செத்தவர்களில் பெண்களும் உண்டு, ஒரு கைக்குழந்தையும் உண்டு.

1831 மார்ச் 1-ம் தேதி ஜான் ரஸ்ஸல் பிரபு சீர்திருத்த மசோதாவைக் கொண்டுவந்தார். 'நம் ஜனநாயகத்தைப் பார்க்க ஒரு வெளிநாட்டுக்காரர் வருகிறார் என்று வையுங்கள். அவரை ஒரு பச்சை மேட்டுக்குக் கூட்டிப்போய், இது இரண்டு பேரைப் பார்லிமென்ட்டுக்கு அனுப்புகிறது என்று சொன்னால் அவர் என்ன நினைப்பார்?' என்ற ரீதியில் பேசினார். பெயர் சொல்லாமலே மேடு எதுவென்று எல்லோருக்கும் புரிந்திருக்கும்.

அந்த மாதமே இரண்டாவது வாசிப்பில் ஓட்டெடுப்பு. ஆதரவு 302. எதிர்ப்பு 301. ஒரே ஒரு ஓட்டு! ("நம்ம ஒரு ஓட்டுல என்ன சார்" நண்பர்கள் இந்த வரியை இன்னொரு தரம் படிக்கவும்.)

அதோடு முடியவில்லை. அக்டோபரில் பிரபுக்கள் சபை மசோதாவைத் தூக்கியெறிந்தது. நாட்டிங்ஹாம் கோட்டைக்குத் தீ வைத்தார்கள். பிரிஸ்டலில் கலவரம். கடைசியில், எதிர்ப்பு அடங்காவிட்டால் ஆதரவான புதுப் பிரபுக்களை நியமிக்கலாம் என்று மன்னர் நாலாம் வில்லியம் சம்மதித்த பிறகே பழைய பிரபுக்கள் வழிக்கு வந்தார்கள். 1832 ஜூன் 7-ம் தேதி சட்டம் நிறைவேறியது. 56 தொகுதிகள் ஒரேயடியாகக் காலி. அதில் ஓல்ட் ஸேரமும் ஒன்று. மான்செஸ்டருக்கும் பர்மிங்ஹாமுக்கும் லீட்ஸுக்கும் எம்.பி. கிடைத்தார்கள்.

ஆனால் அடிபட்ட மில் தொழிலாளிக்கு அப்போதும் ஓட்டு கிடைக்கவில்லை. நகரத்தில் வருஷம் 10 பவுன் வாடகை மதிப்புள்ள வீட்டில் இருக்கும் ஆண்களுக்கு மட்டும்தான். ரகசிய ஓட்டு 1872-ல்தான் வந்தது. ஆண்களுக்குச் சமமாகப் பெண்களுக்கு ஓட்டு கிடைக்க 1928 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. மேட்டை ஒழித்ததற்கு அப்புறமும் 96 வருஷம்! இந்தியாவில் 1951-52-ல் நடந்த முதல் பொதுத் தேர்தலிலேயே பண்ணையாருக்கும் ஒரு ஓட்டு, பண்ணையாளுக்கும் ஒரு ஓட்டு. தஞ்சாவூர் நெல்லை விளைவித்தவன் வீட்டுப் பெண்ணுக்கும் ஒரு ஓட்டு.

ஓல்ட் ஸேரம் இப்போது டூரிஸ்ட் ஸ்பாட். டிக்கெட் வாங்கிக்கொண்டு உள்ளே போய் இடிந்த சுவர்களைச் சுற்றிப் பார்க்கலாம். காற்று மட்டும் இன்னும் அப்படியே அடிக்கிறதாம்.

ஒன்று கவனித்தீர்களா? அந்த மேடு ஐந்நூறு வருஷத்துக்கு மேல் தாக்குப்பிடித்ததற்குக் காரணம், தட்டிக் கேட்க அங்கே ஜனங்களே இல்லாததுதான். அடுத்த தேர்தல் லீவில் நண்பர் படுத்துத் தூங்கட்டும், வேண்டாமென்று சொல்லவில்லை. காலையில் ஒரு நடை பூத்துக்குப் போய்விட்டு வந்து தூங்கட்டும்.

ஆள் இருக்கும்போதே தொகுதியை ஆளில்லாத ஊராக்கிவிட வேண்டாமே!